இடைவிடாத ஜெபமும் குறித்த வேளையும்

கிறிஸ்தவ ஜீவியத்தைக் குறித்து எழுந்த கேள்விகளுள் மிகப் பழமையானதும், ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று புதிதாய்த் தீர்த்துக்கொள்ள வேண்டியதுமான ஒன்று, ஜெபத்துக்கும் அன்றாட அலுவலுக்கும் உள்ள சம்பந்தம் யாது என்பதாகும். அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபத்தை முடிக்கும் தறுவாயில், ஜெபத்துக்கு இடைவெளியே இருக்கலாகாது என்று வெகு சுருக்கமாக ஒரு கட்டளை கொடுத்துவிட்டுப் போகிறார். விடியுமுன் எழுந்து வயலுக்குப் போகிறவனும், ஆலைச் சங்கு ஊதியதும் ஓடுகிறவனும், அடுப்பையும் தொட்டிலையும் ஒருங்கே கவனிக்கிற தாயும், வருஷக் கடைசிக் கணக்கோடு மல்லாடுகிற குமாஸ்தாவும் அக்கட்டளையை எவ்வாறு நிறைவேற்றுவது? விடைகூறப் புகுந்தவர்களில் ஒரு சாரார், அது துறவிகளுக்கே உரியது என்று ஒதுக்கிவிட்டார்கள். மற்றொரு சாரார், நல்லெண்ணத்தோடு செய்யும் தொழில் யாவும் ஜெபமே என்று விரித்துப் பொருள் கூறி, ஜெபிக்கவேண்டிய அவசியத்தையே மெள்ள மெள்ள நழுவவிட்டார்கள். இவ்விரண்டும் பிசகு என்பதே என் துணிபு. திருச்சபையின் நெடிய அனுபவத்தைப் புரட்டிப் பார்க்குமிடத்து, இடைவிடாத ஜெபமென்பது குறித்த வேளையில் செய்யும் சிறு ஜெபத்தில் வேரூன்றி, அங்கிருந்தே நாள் முழுதும் படர்வது என்பதும், அவ்வேரைப் பேணாதவர்களுக்கு மற்றதும் நிலைக்கவில்லை என்பதும் தெரியவருகின்றன.

வேதாகமத்திலிருந்தே தொடங்குவோம். பாபிலோனில் சிறையிருந்த தானியேல், எருசலேமுக்கு நேராகப் பலகணி திறந்திருந்த தன் மேலறையில் தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டார் என்றும், ராஜாவின் தடையுத்தரவு பிறந்த பின்பும் முன் செய்துவந்தபடியே செய்தார் என்றும் வாசிக்கிறோம். அந்த ‘முன் செய்துவந்தபடி’ என்பதிலேதான் அவருடைய தைரியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சங்கீதக்காரர் ஓரிடத்தில் அந்தி, சந்தி, மத்தியானம் என்று மூன்று வேளைகளையும், வேறோரிடத்தில் நாளொன்றுக்கு ஏழு தரத்தையும் குறிக்கிறார். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி வேளையில், அதாவது நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு, தேவாலயத்துக்குப் போனார்கள். யோப்பாவில் பேதுரு ஆறாம் மணி வேளையில் மேல்வீட்டில் ஏறி ஜெபித்தார். ஆதிச் சபையின் ஒழுங்குகளைக் கூறும் ‘டிடாக்கே’ என்ற சிறு நூல், பரமண்டல ஜெபத்தை நாள்தோறும் மூன்று முறை சொல்லவேண்டும் என்று விதித்திருக்கிறது.

நெகேமியாவின் சரித்திரம் இங்கே விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரராகிய அவர், கையில் திராட்சரசத்தோடு நிற்கையில், உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். அக்கேள்விக்கும் தம்முடைய விடைக்கும் இடையிலிருந்த அந்த இமைப்பொழுதில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிடுகிறார். உத்தியோகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இந்நிகழ்ச்சியை விரும்பி எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அதற்கு முந்தின அத்தியாயத்தை அவர்களில் அநேகர் மறந்துவிடுகிறார்கள். கிஸ்லேவு மாதத்தில் எருசலேமின் துயரச் செய்தியைக் கேட்ட நெகேமியா, உபவாசித்து இரவும் பகலும் மன்றாடியதும், ராஜா அக்கேள்வியைக் கேட்டது அதற்கு நான்கு மாதம் கழித்து நிசான் மாதத்தில் என்பதும் அவ்விரண்டு அத்தியாயங்களையும் சேர்த்து வாசித்தால் தெளிவாகின்றன. நான்கு மாதத்து ஜெபத்தினால் ஆழமாய்த் தோண்டப்பட்ட கிணறாகையால், ஒரே ஒரு கணத்தில் வாளியை விட்டபோது தண்ணீர் வந்தது.

பவுலின் கட்டளையை உள்ளபடி அறிவதற்கு அதே நிருபத்தின் இரண்டாம் அத்தியாயத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும். சபையாரில் ஒருவருக்கும் பாரமாயிராதபடிக்கு இராப்பகலாய்த் தாம் பாடுபட்டு வேலை செய்ததை அங்கே நினைப்பூட்டுகிறார். கூடாரம் பண்ணுகிற தொழில் அவருடையது. ஆகவே இடைவிடாமல் ஜெபிக்கச் சொன்னவரும், இடைவிடாமல் உழைத்தவரும் ஒருவரே. இந்தச் சேர்க்கையைப் பிரித்துப் பார்த்ததிலிருந்தே குழப்பங்கள் தொடங்கின.

நான்காம் நூற்றாண்டில் சிரியா தேசத்துப் பக்கங்களில் மெசாலியர் என்ற ஒரு கூட்டத்தார் தோன்றினார்கள். அப்பெயருக்கு ஜெபிக்கிறவர்கள் என்பதே பொருள். அப்போஸ்தலன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கைக்கொள்ளுகிறோம் என்று கூறி, அவர்கள் கைத்தொழில் யாவற்றையும் வெறுத்துத் தள்ளினார்கள். 431-ஆம் ஆண்டில் எபேசு நகரில் கூடிய பொதுச்சங்கம் அவர்களைக் கண்டித்தது. ஆனால் சங்கத்தின் தீர்ப்பைக் காட்டிலும், அலெக்சாந்திரியாவுக்கு அடுத்த ஏனாத்தோன் என்ற இடத்தில் வாழ்ந்த லூசியு என்ற முதிய துறவி அவர்களுக்குச் சொன்ன விடையே எனக்கு அதிகப் பிரியமானது. எகிப்தின் வனவாசிகளுடைய வாக்குகளைத் திரட்டிவைத்த தொகுதியில் அது காணப்படுகிறது.

உங்கள் தொழில் என்ன என்று அவர் கேட்டார். தொழிலை நாங்கள் தொடுவதில்லை, ஓயாமல் ஜெபிக்கிறோம் என்றார்கள். நீங்கள் சாப்பிடுவதுண்டா என்றார், உண்டு என்றார்கள். சாப்பிடும்போது உங்களுக்காக ஜெபிக்கிறவர் யார்? அவர்களிடத்தில் பதில் இல்லை. தூங்குவதுண்டா? உண்டு. தூங்கும்போது உங்களுக்காக ஜெபிக்கிறவர் யார்? அதற்கும் பதில் இல்லை. அப்பொழுது பெரியவர், நான் ஓயாமல் ஜெபிக்கிறது இன்னவிதமென்று காட்டுகிறேன் என்று தொடங்கி, பனையோலையை நனைத்துவைத்துக்கொண்டு கயிறு பின்ன உட்காருவதையும், ஒவ்வொரு பின்னலோடும் தாவீதின் பாவ அறிக்கைச் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதையும், நாள் முழுவதும் அவ்வாறு செய்து ஏறக்குறையப் பதினாறு காசு சம்பாதிப்பதையும் விவரித்தார். அதில் இரண்டு காசை வாசலில் வைத்துவிட்டு மீதியில் ஆகாரம் வாங்குவார். அந்த இரண்டு காசை எடுத்துக்கொள்ளுகிற ஏழை, லூசியு உண்ணும்போதும் உறங்கும்போதும் அவருக்காக ஜெபிப்பான். கடவுளுடைய கிருபையால் என் ஜெபம் இவ்விதம் இடைவிடாததாகிறது என்று அவர் முடித்தார்.

இச்சிறு கதையை வாசிக்குந்தோறும் அதன் நுட்பம் எனக்கு அதிகமாகவே விளங்குகிறது. கைக்கு வேலையும், வாய்க்கு மனப்பாடமான வார்த்தையும் இருக்கின்றன. தன் ஜெபத்தில் விழும் இடைவெளியைத் தானாக நிரப்ப இயலாது என்று ஒப்புக்கொள்ளும் தாழ்மையும், அதைப் பிறர் ஜெபத்தால் நிரப்பிக்கொள்ளும் ஐக்கியமும் இருக்கின்றன. தனிமனிதன் ஒருவனால் நிறைவேற்ற முடியாத கட்டளையைச் சபை முழுவதுமாய்ச் சேர்ந்து நிறைவேற்றுகிறது என்ற பெரிய உபதேசத்தை, பதினாறு காசுக்குள் அந்தக் கிழவர் அடக்கிவிட்டார்.

ஆதிச் சபையின் வேதசாஸ்திரிகளுள் ஓரிகேனஸ், பரிசுத்தவானுடைய ஜீவியம் முழுவதும் ஒரே ஜெபமென்றும், நாம் ஜெபமென்று வழங்குவது அதில் ஒரு பகுதியே என்றும் எழுதினார். எழுதியதோடு, அப்பகுதியை நாளொன்றுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் செய்யவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆயினும் இவ்விஷயத்தில் சிகரமான வாக்கு அகுஸ்தீனுடையது. ரோமாபுரியின் பிரபுகுலத்து விதவையாகிய புரோபா அம்மையார், ஜெபிப்பது எப்படி என்று கேட்டு எழுத, 412-ஆம் ஆண்டையொட்டி அவர் அனுப்பிய நீண்ட பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. ஓயாத வாஞ்சையே ஓயாத ஜெபம் என்பது அதில் அவர் நாட்டும் பொருள். அப்படியானால் குறித்த வேளைகளில் வார்த்தையால் ஜெபிப்பது எதற்கு என்ற கேள்வி உடனே எழுமன்றோ? லௌகிக கவலைகளால் அந்த வாஞ்சை தணிந்துபோகிறது; வெதுவெதுப்பானது குளிர்ந்து முற்றிலும் அணைந்துபோகாதபடிக்கு, குறித்த வேளைகளில் மனத்தை அக்கவலைகளினின்றும் திருப்பி, நம்முடைய வாஞ்சையை நமக்கே வார்த்தையால் நினைப்பூட்டிக்கொள்ளுகிறோம் என்று அவர் விளக்குகிறார். எகிப்திய துறவிகள் அம்பு எய்தாற்போலச் செய்யும் மிகச் சிறிய ஜெபங்களையும் அக்கடிதத்தில் மெச்சிக்கொள்ளுகிறார்.

பின்வந்த மடங்களின் வரலாற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த நியமத்தின்படி வாரம் ஒன்றுக்கு 150 சங்கீதங்களும் பாடி முடிக்கப்பட்டன. மணியோசை கேட்டதும், கையில் இருப்பது எதுவானாலும் அதை விட்டுவிட்டுத் துறவிகள் கோயிலுக்கு விரைய வேண்டும். அந்நியமத்தில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு பகுதி: மடத்துப் பண்டசாலையைப் பார்க்கும் சகோதரர், அங்குள்ள தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் பலிபீடத்துப் பரிசுத்த பாத்திரங்களைப்போல் பாவிக்கவேண்டும் என்கிறது அது. கோயிலில் ஏழு வேளை நின்ற கால்கள் பண்டசாலைக்குள் வரும்போது அங்கேயும் மண் பரிசுத்தமாகிறது. இவ்வளவு சிறப்பிருந்தும், காலப்போக்கில் ஜெபவேளைகள் மடத்தாருக்கே உரிய சொத்தாகி, அவற்றின் பாஷையும் ஜனங்களுக்கு விளங்காத லத்தீனாகவே நின்றுவிட, குடும்பஸ்தர்களுக்கு மணியோசை மாத்திரமே மிஞ்சியது.

சீர்திருத்தக் காலத்தில் அந்தத் தடுப்புச் சுவர் இடிந்தது. மார்ட்டின் லுத்தருக்கு க்ஷவரம் செய்துவந்த பேதுரு என்னும் நாவிதர் ஒருவர், ஜெபிக்கும் வழியைத் தமக்குக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்ள, 1535-ஆம் ஆண்டில் அவருக்கென்றே லுத்தர் ஒரு சிறு நூல் எழுதினார். பல்கலைக்கழகத்துப் போதகாசிரியர் ஒருவர் தம் நாவிதருக்காக நூல் எழுதினார் என்ற ஒன்றே அக்காலத்தில் எத்தனை பெரிய மாறுதல் நேர்ந்துவிட்டது என்பதற்குப் போதிய சாட்சி. காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாய் இருக்கட்டும் என்று அதில் சொல்லி, இன்னும் ஒரு மணி நேரம் கழியட்டும், இந்தக் காரியத்தை முடித்துவிட்டு ஜெபிக்கிறேன் என்று நயமாய்ப் பேசுகிற எண்ணத்தைக் குறித்து லுத்தர் எச்சரிக்கிறார். மனம் சிதறுவதைப்பற்றிக் கூறும்போது நாவிதரின் தொழிலிலிருந்தே உவமை எடுக்கிறார்: நல்ல நாவிதன் கத்தியிலும் மயிரிலுமே கண்ணையும் கருத்தையும் வைத்து, எங்கே சிரைத்தோம், இனி எங்கே சிரைக்கவேண்டும் என்பதை மறவாதிருக்கிறான், வாய் ஓயாமல் பேசி நாலாபக்கமும் பார்ப்பானானால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான். பரமண்டல ஜெபத்துக்குப்பின் பத்துக் கற்பனைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் போதனையாகவும், ஸ்தோத்திரமாகவும், பாவ அறிக்கையாகவும், விண்ணப்பமாகவும் நான்கு புரியாய் முறுக்கும் முறையை அவர் காட்டித்தருகிறார். முறுக்கும்போது இருதயம் தீப்பற்றிக்கொண்டால், அப்பியாசத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அந்த நெருப்புக்கு இடங்கொடுக்கவேண்டும் என்றும் சொல்லுகிறார். மனப்பாட ஜெபமா, சுயமாய் எழும் ஜெபமா என்று இன்றைக்கும் நம் சபைகளில் நடக்கும் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சமாதானத்தை நான் கண்டதில்லை. முன்னது விறகு, பின்னது நெருப்பு.

அந்த நாவிதரைப்பற்றிய மற்றொரு செய்தியை மறைப்பது நேர்மையாகாது. அதே ஆண்டிலேயே அவர் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்று, அக்குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டார். ஜெபமுறையைக் கற்பது பாவத்துக்கு மருந்து குடித்ததுபோலாகும் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். ஜெபம் மந்திரமன்று, அறிந்த வழியில் நாள்தோறும் நடந்தாலொழிய, அறிந்ததனால் மாத்திரம் ஒருவரும் காக்கப்படுவதில்லை.

இங்கிலாந்தில் கிரான்மர் 1549-இல் வெளியிட்ட பொது ஜெபப் புஸ்தகம், மடத்து ஜெபவேளைகளைக் காலை மாலை என்று இரண்டாகச் சுருக்கி, சங்கீதங்களை முப்பது நாளைக்குப் பங்கிட்டு, ஜனங்களின் பாஷையிலேயே அமைத்தது. திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் மாலை மணி அடித்ததும் உபதேசியாரோடு கூடி நடந்த ஆராதனைக்கு மூலம் அதுவே.

பாரிசு நகரத்துக் கார்மேல் மடத்தின் சமையற்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்சின் பெயர் இவ்விஷயத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. லொரேன் நாட்டில் பிறந்து, போர்வீரராயிருந்து காயப்பட்டு, மடத்தில் சேர்ந்து, சுபாவத்திலேயே தமக்கு வெறுப்பான சமையல் வேலையைப் பல வருஷம் செய்து, பின்பு பாதரட்சை தைத்து, 1691-இல் காலமானவர் அவர். பலர் ஒரே சமயத்தில் பலவற்றைக் கேட்டுக் கூச்சலிடும் அடுக்களையிலும், கோயிலில் முழங்காலில் நிற்கும்போது உள்ள அதே அமைதியோடு கடவுளைத் தாம் உடையவராய் இருந்ததாக அவர் கூறினார். இதைக் கேட்கிறவர்கள், அப்படியானால் தனி ஜெபவேளை தேவையில்லையே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. முதல் பத்து வருஷம் தாம் மிகுதியும் பாடுபட்டதாக அவரே கடிதத்தில் எழுதுகிறார்; மடத்துத் தலைவர் குறித்த வேளைகளிலெல்லாம் அவர் ஜெபிக்கப் போகவும் செய்தார். பழத்தைப் பார்த்து மரத்தை மறந்துவிடலாகாது. கீழைத் திருச்சபையில் வழங்கும் இயேசு ஜெபத்தைப்பற்றியும் இவ்வாறே சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ருஷ்ய யாத்திரிகர் ஒருவரின் கதையில், குரு முதலில் தினம் 3,000 முறையும், பின்பு 6,000 முறையும், அப்பால் 12,000 முறையும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லும்படி கட்டளையிடுகிறார். வீடும் வேலையுமில்லாத யாத்திரிகருக்கு அது தகும். நமக்கு அந்த எண்ணிக்கை உதவாது. மூச்சோடு கலந்துவிடத்தக்க ஒரு சிறு வாக்கியத்தைக் கைவசம் வைத்திருக்கவேண்டும் என்ற பாடம் உதவும்.

தமிழ்நாட்டுக்கு ஜெபம் எவ்விதம் வந்தது என்பதைப் பார்த்தாலும் இந்த உண்மையே புலப்படுகிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தவர்களைக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் பரமண்டல ஜெபத்தையும் மற்ற மந்திரங்களையும் தமிழில் பெயர்த்து, தாமும் மனப்பாடம்பண்ணிக்கொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ச் சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். கற்ற பிள்ளைகள் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலும், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’மும் ஜெபங்களும் ஞானோபதேசமும் அடங்கியவையே. அச்சுப்பொறி தமிழை முதன்முதலாய்ச் சந்தித்தது, பாமர ஜனங்கள் தினந்தோறும் சொல்லவேண்டிய வார்த்தைகளுக்காக என்பதை நினைக்கையில் நெஞ்சு நெகிழ்கிறது. கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை மணிகளோடு சொல்லப்படும் திரிகால ஜெபமும், விளக்கேற்றியபின் வீட்டார் கூடிச் சொல்லும் ஜெபமாலையும், புரொட்டஸ்டண்டு வீடுகளில் கீர்த்தனை பாடி, ஆளுக்கொரு வசனமாய் அதிகாரம் வாசித்து, தகப்பன் ஜெபிக்க எல்லாருமாய்ப் பரமண்டல ஜெபத்தில் முடிக்கும் குடும்ப ஜெபமும் அந்த வழிவந்தவையே.

இந்தக் குடும்ப ஜெபம் இப்போது வீடுகளில் குன்றிவருவதைக் காண்கிறோம். நேரமில்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் என் அனுபவத்தில் உண்மையான காரணம் வேறு. மனம் ஒன்றாமல் ஜெபிப்பது மாய்மாலமாகிவிடுமோ என்ற கூச்சமே பலரைத் தடுக்கிறது. பழைய ஞான நூல்கள் பராக்கு என்று சொல்லும் இந்த மனச்சிதறலுக்கு யாரும் விலக்கல்லர். பதினாறாம் நூற்றாண்டில் ஜெபத்தின் ஆழங்களை எல்லாரிலும் நுட்பமாய் எழுதிய அவிலா ஊர்த் தெரேசம்மாளே, சில வருஷங்கள் ஜெபத்தில் நிலைத்திருப்பதைப் பார்க்கிலும், குறித்த நேரம் எப்பொழுது முடியும், மணி எப்பொழுது அடிக்கும் என்பதிலேயே தமக்கு அதிகக் கவலை இருந்தது என்று தம் சரித்திரத்தில் ஒப்புக்கொள்ளுகிறார். ஆனாலும் மணி அடிக்கிறவரைக்கும் அவர் எழுந்துபோகவில்லை. வறட்சியான அந்த நாட்களில் அவரைத் தாங்கியது உணர்ச்சியன்று, வேளை. நம் வீடுகளிலும் பத்து நிமிஷமாவது பிள்ளைகள் அறிய ஒரு பாய் விரிக்கப்படுமானால், அதில் ஒரு குழந்தை தூங்கிவிழுந்தாலும் பாதகமில்லை.

எங்கள் ஆச்சி படிப்பறியாதவர்கள். தெற்கத்திக் கிராமச் சபைகளில் பெண்கள் அனுசரித்துவந்த பிடியரிசி வழக்கத்தை அவர்கள் ஒரு நாளும் விட்டதில்லை. உலை கொதிக்கும்போது படியால் அரிசியை அளந்து சுளகில் கொட்டிவிட்டு, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, அடுப்பங்கரை மாடத்திலிருந்த சிறு மண்கலயத்தில் போடுவார்கள். போடுமுன் கை ஒரு கணம் அப்படியே நிற்கும்; உதடு அசையும். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்து, “ஏன் ஆச்சி, அளந்து போட்ட அரிசியிலேருந்து திரும்ப எடுக்கீய?” என்று கேட்டேன். “இது கோயிலுக்குலே. சும்மா எடுக்கப்படாது, ஒருத்தரு பேரச் சொல்லி ஆண்டவருகிட்ட ஒப்படைச்சு எடுக்கணும்” என்றார்கள். காலைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று ஊரில் நோயாளிகள், கடன்பட்டவர்கள், தூர தேசத்துக்குப் பிழைக்கப் போனவர்கள், தம்மோடு பேசாதிருந்த பங்காளி வீட்டார் உட்பட அந்தக் கைப்பிடிக்குள் வந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கோயிலுக்குச் சுமந்துபோய்ப் பெரிய ஓலைப்பெட்டியில் கவிழ்ப்பார்கள். சிவப்பும் வெள்ளையும் பச்சரிசியும் புழுங்கலுமாய் எல்லா வீட்டு அரிசியும் அதில் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். இன்றைக்கு யார் பெயர் என்று நான் கேட்காத நாளில்லை. ஒருநாள் ஆச்சி பதில் சொல்லாமல், மூடிய கையை என் தலையில் ஒரு கணம் வைத்து எடுத்து, பிறகு அரிசியைக் கலயத்தில் போட்டார்கள்.